'ஃபிராக்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

சிங்கப்பூரிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் ஆறாண்டுகளாகப் பவளம் வளர்த்து வருகிறேன். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் வாயில் ஒரு நாளைக்குப் பத்துமுறை வரும் சொல் 'ஃபிராக்'. வளர்ந்த பவளத்தில் ஒரு கிளையையோ தலையையோ (வாயும் அதைச் சுற்றிய உணர்விரல்களும் சேர்ந்தது ஒரு தலை) வெட்டி, கட்டைவிரல் நகமளவுப் பீங்கான் முளையில் பசை வைத்து ஒட்டித் தனியே வளர விடுவோம். அந்தத் துண்டுதான் ஃபிராக். கடையில் விற்பதும் நண்பர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதும் பெரும்பாலும் இதுதான். சென்ற மாதம் ஊரிலிருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில், "இரண்டு ஃபிராக் வாங்கினேன்" என்றேன். "பேத்திக்கா? என்ன நிறம்?" என்று கேட்டார்.

'பவளத்துண்டு' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. ரொட்டித் துண்டு, கண்ணாடித் துண்டு என்பதெல்லாம் முடிந்துபோன பொருள்கள். இதுவோ இனிமேல்தான் தொடங்கப்போகிறது. எனக்கு மிகவும் பிடித்த டார்ச் பவளத்தை ஒற்றைத் தலையாகத்தான் கொண்டுவந்தேன். பச்சை உடல், நீண்டு அலையும் உணர்விரல்கள், நுனியில் பொன்னிறப் பொட்டு. தலை பிளந்து பிளந்து இப்போது ஒன்பது தலைகள்.

ஒரு நிபந்தனையும் உண்டு. வரப்போகும் சொல் மட்டிக்குப் பொருந்தக் கூடாது. தொட்டியின் நடுவில் ஒரு டிரைடாக்னா மாக்சிமா வைத்திருக்கிறேன். ராட்சத மட்டிக் குடும்பம்தான், ஆனால் கையளவு இனம். ஓட்டுக்கு வெளியே விரியும் நீலச் சதைமடிப்பின் விளிம்பில் நூற்றுக்கணக்கான சிறு கண்கள். என் நிழல் விழுந்தால் போதும், உள்ளே இழுத்துக்கொள்ளும். பவளத்தைப் போலவே உடலுக்குள் பாசியைக் குடிவைத்து, அது ஒளியில் சமைப்பதைத் தின்று வாழ்கிறது. ஆனால் வெட்டினால் செத்துப்போகும். மட்டிக் குஞ்சுகளையும் ஃபிராக் தட்டிலேயே அடுக்கி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர் இதையும் வெட்டி வளர்க்கலாம் போலும் என்று நினைத்துவிடுகிறார்.

ரொறன்ரோவிலிருந்து:

தம்பி,

நீங்கள் 'பவளம்' என்று தொடங்கியதே எனக்கு இடறுகிறது. இலங்கைப் பாடநூல்களில் முருகைக்கற்பாறை என்றுதான் முப்பது வருடம் படிப்பித்தேன். பவளம் நகையில் கோக்கும் சிவப்புக்கல். சங்கப் புலவர்கள் துகிர் என்றது அதைத்தான். அந்தச் செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது, அதற்கும் உங்கள் தொட்டியில் வளர்வதற்கும் உறவு தூரம். எனவே 'முருகைத் துண்டம்' என்பேன். துண்டம் என்றதும் நீங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

தூத்துக்குடியிலிருந்து:

வணக்கம். எங்கள் கரையில் இதற்கு அருகில் ஒரு சொல் இருக்கிறது: சல்லி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி, புலுவினிச்சல்லி என்று மூன்றின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலாங்குச்சல்லி இப்போது நீருக்கடியில் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். ஆனால் நானே இதை முன்மொழியத் தயங்குகிறேன். சல்லி என்பது நொறுங்கிக் குவிந்தது, உயிரற்றது. அதோடு 'சல்லிக்காசு பெறாது' என்ற வழக்கும் காதில் ஒலிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஆசைப்பட்டு இங்கே வந்து கடலில் கை வைப்பதற்குள். கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன காவலோ அதே காவல். வீட்டுத் தொட்டிக்கு எடுப்பது குற்றம். ஆனால் இந்தச் சொல் எங்களுக்கும் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே அழிந்த பவளத் திட்டுகளை மீட்க, உயிருள்ள கிளைகளைச் சிமெண்டுப் பலகையில் கட்டிக் கடலடியில் நட்டுவருகிறார்கள். அறிக்கையில் அந்தக் கிளையை எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் விழிக்கிறோம்.

மதுரையிலிருந்து:

எல்லோரும் இலக்கணத்தை மறந்துவிட்டீர்கள். முழுமை முதல், அதன் உறுப்பு சினை. மரத்தின் கிளைக்கும் சினை என்று பெயருண்டு. உறுப்பே முதலாக வளரும் விந்தையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எது? பவளச்சினை. நான் இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து:

ஐயாவின் சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் சினை என்றால் மாடு சினையாக இருக்கிறது என்று பொருள். மீன் சந்தையில் சினை மீன். வெட்டிய கிளைக்கு அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது.

நான் கரும்புக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். சிங்கப்பூர் அண்ணன் எழுதியதைப் படிக்கப் படிக்க அப்பா கரணை வெட்டுவதுதான் கண்முன் வந்தது. கரும்பை விதை போட்டு யாரும் பயிரிடுவதில்லை. கரும்பையே துண்டாக வெட்டி நடுகிறோம், அந்தத் துண்டு கரணை. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பரு இருக்கும், முளை அதிலிருந்துதான் வரும். ஒருபருக் கரணை, இருபருக் கரணை என்று பருவை எண்ணித்தான் பேசுவோம். பரு இல்லாத துண்டு சக்கைதான். அரிவாள் பருவின் மேல் பட்டாலும் அப்படித்தான். அண்ணனின் டார்ச் பவளத்தைத் தலை எண்ணி விற்கிறார்கள் அல்லவா? அது ஒருதலைக் கரணை, இருதலைக் கரணை.

பதியம் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அது வேறு. மல்லிகைக் கொடியைத் தாய்ச்செடியோடு இருக்கும்போதே மண்ணில் வளைத்துப் புதைத்து, வேர் பிடித்த பிறகு அறுப்பது பதியம். இங்கே முதலிலேயே அறுத்துவிடுகிறீர்கள். முருங்கை, கிளுவை போல நீளக் கிளையாக நடுவது போத்து. கிளைத்து வளரும் பவளத்துக்கு அது பொருந்தும், உருண்டையாகவோ தட்டையாகவோ வளர்வதற்குப் பொருந்தாது.

சிங்கப்பூரிலிருந்து:

தங்கையே, உங்கள் மடலைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் தூங்கவில்லை. சொல்லைப் பல பவளங்களில் வைத்துப் பார்த்தேன்.

டார்ச்சில் சிக்கலே இல்லை. கிளையாக வளரும் வகையில் தலைக்குக் கீழே வெறும் கல்லெலும்பில் வெட்டுகிறோம், சதையில் கத்தி படுவதில்லை. அதன் உறவான சுத்தியல் பவளத்தில் சுவர்போல நீண்டு வளரும் வகை ஒன்று உண்டு. அங்கே வாய்களுக்கு நடுவே சதையை அறுத்தே தீரவேண்டும், அறுத்த இடம் அழுகி முழுவதும் போய்விடுவதும் உண்டு. 'அரிவாள் பருவின் மேல் பட்டாலும் அப்படித்தான்' என்ற உங்கள் வரி எனக்கு நேராக அங்கே போய் நின்றது. அப்படி ஒன்றை நான் இழந்திருக்கிறேன்.

மரம்போலக் கிளைக்கும் அக்ரோபோராப் பவளத்தில் விரல் நீளக் கிளையிலேயே எண்ணற்ற வாய்கள், எலும்பு வெட்டும் கத்தரியால் எங்கே நறுக்கினாலும் கரணைதான். இடறியது காளான் பவளம். எலும்பே இல்லாத வழுக்குத் தட்டு. வாயின் குறுக்கே நான்காக அறுத்தால் நான்கும் புது வாய் வைத்துக்கொள்கின்றன. அதன் பருவையே பிளந்தல்லவா நடுகிறோம்! இருந்தாலும் சொல்லை இதற்காகக் கைவிடமாட்டேன். டிரைடாக்னா என்ற அறிவியல் பெயருக்கே 'மூன்று கடி' என்றுதான் பொருள், ஒரே வாயில் தின்ன முடியாத மட்டி என்று பழைய ரோமானியர் செய்த கேலி. அதைவிடக் கரணை எவ்வளவோ துல்லியம்.

என்னைக் கட்டிப்போட்டது அதன் சுற்றம். நடும் முன் கரும்பை மருந்துநீரில் முக்கி எடுப்பதைக் கரணை நேர்த்தி என்பார்களே, நாங்களும் வெட்டிய பவளத்தை அயோடின் கலந்த கடல்நீரில் சில நிமிடம் முக்குகிறோம். அறுத்த கரும்பின் கட்டை மறுபடி துளிர்ப்பதை மறுதாம்பு என்பார்கள், அறுத்த தாய்ப்பவளத்தின் அடியிலிருந்து மறுபடி கிளைப்பதும் மறுதாம்பு. மீட்புப் பணிக்காரர்கள் மிகச் சிறிதாக அறுத்து வளர்க்கும் முறைக்கு நுண்கரணை. தூத்துக்குடி நண்பர் அறிக்கையில் இதைத் தாராளமாக எழுதலாம்.

மதுரை ஐயா வருந்த வேண்டாம், சினை வீணாகவில்லை. ராட்சத மட்டி முதலில் விந்தையும் பிறகு முட்டையையும் நீரில் உமிழ்கிறது. அதிலிருந்து வரும் குஞ்சு தன் பாசியைக் கடல்நீரிலிருந்து தானே தேடிக்கொள்கிறது. மட்டிக்குச் சினை, பவளத்துக்குக் கரணை. நான் கேட்ட நிபந்தனையும் நிறைவேறிவிட்டது.

ரொறன்ரோ ஆசிரியருக்கு: தமிழகத்தில் பவளக் கரணை, இலங்கையில் முருகைக் கரணை. பின்பாதி ஒன்றாக இருக்கட்டும்.

ரொறன்ரோவிலிருந்து:

சம்மதம். ஆனால் எங்கட பக்கம் கரணை என்றால் முதலில் கிழங்கு ஞாபகம் வரும். முருகை முன்னால் நிற்பதால் பிழையில்லை.

சிங்கப்பூரிலிருந்து:

நன்றி ஐயா. வருகிற ஞாயிறு பவளத்தின் உறவான ஜோவாந்தஸ் வெட்டப் போகிறேன், முதல் தட்டுக்குக் 'கரணைத் தட்டு' என்று சீட்டு ஒட்டுவேன். (அந்த இனத்தில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வீட்டில் முயல்கிறவர்கள் கையுறையும் கண் கவசமும் இல்லாமல் தொடவே வேண்டாம்.) கரணையை ஒட்டும் அந்தப் பீங்கான் பொருளை இதுவரை 'முளை' என்று எழுதிவந்தேன். கரும்பு வந்த பிறகு அது குழப்புகிறது, முளைப்பது கரணை அல்லவா? நாமக்கல் தங்கை ஏதாவது வைத்திருக்கிறாரா?