கருத்தரிப்பு மையத்தில் நேர்ந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

காரைக்குடி வாசகி:
செயற்கைக் கருத்தரிப்பு இரண்டு முறை தோற்றபின், இனி வேறொரு பெண் கொடுக்கும் கருமுட்டைதான் வழி என்று மருத்துவர் சொன்ன அன்று காலை, மதுரையில் ஒரு தனியார் மையத்தின் கூடத்தில் என் அருகே இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டி, "அக்கா, இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள்" என்றாள். முழுவதும் ஆங்கிலம், கருமுட்டை கொடுப்பதற்கான ஒப்புதல். கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற, செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் சொன்னதும், "எனக்கு இது மூன்றாம் முறை" என்றாள். செவிலியர் அழைத்தார், படிவத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த முட்டை எனக்கானதோ என்ற கேள்வி இன்றும் என்னை உறங்கவிடவில்லை.

தேவகோட்டைக்காரர்:
ஆச்சி சொல்வது உண்மை, ஆனால் சட்டம் மட்டும் போதாது. 2022 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தது. ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் பலமுறை முட்டை எடுத்த செய்தி அதே ஆண்டில்தான் வெளியானது. வறுமைதான் முட்டை கொடுப்பவர்களை அங்கே கொண்டுவருகிறது. சிகிச்சைக்கு வருபவர்களுக்கும் பணம்தான் தடை. எங்கள் வீட்டில் கழுத்திரு என்ற திருமணத் தாலி தவிர எல்லா நகையும் அடகுக்குப் போயிற்று. காப்பீட்டு அட்டையை நீட்டியபோது, குழந்தையின்மைச் சிகிச்சை இதில் சேராது என்று முகப்பில் இருந்தவர் அதைத் திருப்பித் தள்ளினார். என் மனைவி தலை குனிந்து நின்றது கண்ணிலேயே நிற்கிறது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் உண்டு என்கிறார்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பல்லவன் விரைவு வண்டியில் சென்னை சென்று திரும்பக் கூலி வேலைக்குப் போகும் தம்பதியால் இயலுமா? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இது வேண்டும்.

கானாடுகாத்தான் ஆயா:
எங்கள் காலத்தில் பிள்ளை கூட்டிக்கொண்டோம், அதாவது தத்தெடுத்துக்கொண்டோம். நானும் அப்படித்தான் தாயானேன். இப்போது என் பேத்திக்காக அலைந்ததில் அறிந்தவற்றைச் சொல்கிறேன், தம்பி. மையத்தின் பதிவுச் சான்றிதழை எல்லோரும் காணும்படி மாட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் முன்பணம் கட்டாதீர்கள். கொடையாளருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தருவது சிகிச்சை பெறும் தம்பதியின் கடமை. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். கருவைப் பத்தாண்டுகளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மையத்திலும் குறைதீர் பிரிவு இருக்க வேண்டும். ஆச்சி, நீங்கள் அந்தத் தேதியைக் குறிப்பிட்டு இந்த மையங்களைக் கண்காணிக்கும் மாநில அதிகார அமைப்புக்கு எழுதுங்கள்.

காரைக்குடி வாசகி:
தேதி ரசீதில் இருக்கிறது, ஆயா. அவள் பெயரைத்தான் நான் கேட்டுக்கொள்ளவில்லை.