தண்ணி குடிச்சும் தோல் வறளுதே: எங்க வீட்டுக் குழுவில் ஒரு சனிக்கிழமை

லதா சித்தி (காலை 7:05): எல்லாருக்கும் வணக்கம். ப்ரியாவுக்குக் கை காலெல்லாம் சொரசொரன்னு ஆயிருச்சு, நகம் பட்டா வெள்ளைக் கோடு விழுது. க்ரீம் தடவுறா. சாப்பாட்டுல விதை, மூலிகைன்னு என்ன சேர்க்கலாம்? எவ்வளவு, எப்படின்னு தெரிஞ்சவங்க சரியாச் சொல்லுங்க.

பிரபு (7:11): எனக்கு வந்த ஃபார்வர்டு: "தினமும் 5 லிட்டர் தண்ணீர். வெறும் வயிற்றில் 3 ஸ்பூன் சியா விதை. 7 நாளில் கண்ணாடி போல் தோல்."

கவிதா (7:14): பிரபு, அதை அழிச்சிரு. மூணு வரி, மூணும் தப்பு. உலர்ந்த சியாவை அப்படியே வாயில போட்டுத் தண்ணி குடிச்சா அது உணவுக்குழாய்லயே உப்பி அடைச்சுக்கும், ஆஸ்பத்திரி வரைக்கும் போன கேஸ் இருக்கு. 5 லிட்டர்ங்கிறது சிறுநீரகம், இதயம் பலவீனமானவங்களுக்கு ஆபத்து. 7 நாளும் பொய். மேல்தோல் புதுசா ஆகவே கிட்டத்தட்ட 4 வாரம் பிடிக்கும்.

பிரபு (7:15): அழிச்சிட்டேன் அக்கா. அப்ப தண்ணி குடிச்சா தோல் ஈரமா ஆகாதா?

கவிதா (7:22): ஏற்கெனவே கம்மியாக் குடிக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியும். போதுமான அளவு குடிக்கிறவங்க மேல ரெண்டு லிட்டர் ஊத்துனா பாத்ரூமுக்குத்தான் போகும். சிறுநீர் இளமஞ்சளா இருந்தாலே போதும். மேல்தோல் செல்லுக்கு நடுவுல ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கு, செங்கலுக்கு நடுவுல சாந்து மாதிரி. சாந்து நல்லா இருந்தாத்தான் உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகாம நிக்கும். அந்தச் சாந்துல முக்கியமான ஒரு சரக்கு லினோலெயிக் அமிலம். அதை உடம்பு தானாத் தயாரிக்காது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். 1929ல அமெரிக்காவுல ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர்னு ஒரு தம்பதி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தாங்க. வாலும் தோலும் செதில் செதிலா ஆச்சு. அந்த எலிங்க தண்ணியையும் வழக்கத்தை விட அதிகமாக் குடிச்சதுங்க. குடிச்ச தண்ணி நிக்காம தோல் வழியாவே போயிட்டிருந்தது.

கவிதா (7:24): சித்தி, ப்ரியா இப்ப ஏதாவது டயட்ல இருக்காளா?

லதா சித்தி (7:31): ரெண்டு மாசமா எண்ணெய் கூடவே கூடாதுன்னு இருக்கா. இட்லிக்குப் பொடி கூட தண்ணில குழைச்சுத்தான். ராத்திரி பழம், ஓட்ஸ்.

கவிதா (7:33): இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், பனியும் இருக்கு, வெந்நீர்க் குளியலும் இருக்கு. ஆனா மொதல்ல சரி பண்ண வேண்டியது இதுதான். சமையலுக்கும் பொடிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 3, 4 டீஸ்பூன் எண்ணெய் உள்ள போகட்டும். நல்லெண்ணெய் நல்லது, அதுல சுமார் 40 சதவீதம் லினோலெயிக்தான். தேங்காயெண்ணெய்ல அது ரொம்பக் கம்மி, 2 சதவீதம் வாக்குல.

முருகேசன் மாமா (8:02): கடை திறந்துட்டேன், இப்பத்தான் பார்க்கிறேன். லதா, சியா வாங்கணும்னு அவசியமே இல்ல. அது மெக்சிகோ பக்கத்துச் சரக்கு, விலையும் கூட. நம்ம சப்ஜா, அதான் திருநீற்றுப்பச்சிலை விதை, அதே கொழகொழப்பைக் கொடுக்கும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. உள்ளங்கையில போட்டுப் பாரு: சப்ஜா முழுக்கக் கறுப்பு, ஒரு முனை கூம்பின மாதிரி இருக்கும். சியா சாம்பலும் வெள்ளையும் பழுப்புமாப் புள்ளி போட்டு, முட்டை வடிவத்துல வழவழன்னு இருக்கும். சந்தேகம் இருந்தா ஒரு சிட்டிகை தண்ணில போடு. ரெண்டு மூணு நிமிஷத்துல ஒவ்வொரு விதையைச் சுத்தியும் தவளை முட்டை மாதிரி தனித்தனியா வெள்ளைப் படலம் கட்டினா சப்ஜா. சியா நேரம் எடுக்கும், அதுவும் மொத்தமாக் கூழாத்தான் ஆகும்.

லதா சித்தி (8:06): அளவு அண்ணே?

முருகேசன் மாமா (8:09): ஒரு டீஸ்பூன் சப்ஜாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி, 200 மில்லி. தண்ணியை மொதல்ல ஊத்தி, விதையை மேல தூவி, உடனே கலக்கணும். ரெண்டு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை. இந்த ரெண்டாவது கலக்கலை விட்டாத்தான் அடியில கட்டியா நிக்கும், நடுவுல ஊறாத விதை பல்லுல நறநறங்கும். 15 நிமிஷம் போதும். கொதிக்கிற தண்ணில போடாத. சியான்னா அரை மணி நேரமாவது ஊறணும்.

பிரபு (8:12): பாதாம் பிசினும் இதே வேலைதானே மாமா? ஜிகர்தண்டாவுல போடுறது.

முருகேசன் மாமா (8:15): அது விதை இல்ல, மரத்துப் பிசின். ராத்திரி முழுக்க ஊறணும், சுண்டைக்காய் அளவு துண்டு ஒரு கிண்ணம் நிறைய உப்பும். தூசி, பட்டைத் துணுக்கு எல்லாம் இருக்கும், ஊறினப்புறம் ரெண்டு தடவை அலசணும். வயித்துக்குக் குளிர்ச்சி. கொழுப்புச் சத்துன்னு அதுல ஒண்ணும் கிடையாது.

கவிதா (8:19): மாமா சொன்னது ரொம்பச் சரி. சப்ஜாவிலயும் நல்ல எண்ணெய் இருக்கு, ஆனா முழுசா முழுங்கும்போது பெரும்பகுதி அப்படியே வெளிய போயிரும். அதனால சப்ஜாவை ஈரத்துக்கும் மலச்சிக்கலுக்கும் வச்சுக்கணும். சாந்துக்குச் சரக்கு வேணும்னா எள்ளு, ஆளி. எள்ளுல லினோலெயிக். ஆளி விதைல ஒமேகா 3ங்கிற நல்ல கொழுப்பு, 100 கிராம்ல 22 கிராம் சொச்சம். ஆளி எண்ணெயைப் பெண்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த சின்ன ஆய்வுகள்ல தோல் வழியா ஆவியாகிற தண்ணி குறைஞ்சிருக்கு. அதனாலதான் சொல்றேன், ஒரு வாரத்துல கைவிட்டுராதீங்க.

செல்வி பெரியம்மா (8:40): லதா, ஆளி விதையைப் பொடியாக் கொடுத்தாத்தான் அவ சாப்பிடுவா. எழுதிக்கோ. ஆளி 100 கிராம், உளுந்து 50 கிராம், வரமிளகாய் 8, தோலோட பூண்டு 6 பல், நெல்லிக்காயில பாதி புளி, பெருங்காயம், உப்பு. உளுந்தைச் சிவக்க வறுத்து எடுத்துரு. அதே வாணலில மிளகாய், பூண்டு, புளி. பூண்டுத் தோல் காகிதமாக் காயணும், ஈரம் நின்னா நாலு நாள்ல பூசணம் பிடிக்கும். கடைசியில ஆளி. எண்ணெய் விடாத. சின்னத் தீ, கை விடாமக் கிளறு. 4, 5 நிமிஷத்துல படபடன்னு வெடிக்கும். எல்லாம் வெடிக்கட்டும்னு காத்திராத! பாதி வெடிச்சதுமே தட்டுல கொட்டிரு. வாணலிலயே விட்டா அடிச்சூட்டுலயே கருகிரும், அந்தக் கசப்பை எதைப் போட்டும் மாத்த முடியாது.

செல்வி பெரியம்மா (8:44): நல்லா ஆறணும், தொட்டா சில்லுன்னு இருக்கணும். மொதல்ல உளுந்து, மிளகாய், உப்பு எல்லாத்தையும் பொடி பண்ணிக்கோ. ஆளியைக் கடைசியாப் போட்டு விட்டு விட்டு 4 சுத்து. மிக்ஸியைத் தொடர்ந்து ஓட விட்டா எண்ணெய் கக்கி, பிளேடு அடியில களிமண்ணா ஒட்டிக்கும். சூடா அரைச்சாலும் அதே கதிதான்.

லதா சித்தி (8:47): அக்கா, வறுக்காம முழு விதையாத் தயிர்ல தூவினா?

கவிதா (8:49): முழு ஆளி பயன் இல்ல சித்தி. ஓடு வழவழன்னு கெட்டியா இருக்கும், மெல்லும்போது பல்லுக்கு நடுவுல நழுவிரும், உள்ள போன மாதிரியே வெளிய வந்துரும். பொடிதான். பெரியம்மா கணக்குப் பொடி ஒரு டேபிள்ஸ்பூன்ல 5, 6 கிராம் ஆளி வரும். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு. தண்ணில குழைக்க வேண்டாம்னு ப்ரியாகிட்டக் கண்டிப்பாச் சொல்லுங்க. ரெண்டு வேளையும் பொடிங்கிறதால உப்பைக் கம்மியாப் போடுங்க பெரியம்மா.

செல்வி பெரியம்மா (8:52): சரிம்மா, அரை டீஸ்பூன் போதும்.

முருகேசன் மாமா (9:10): வாங்கும்போது ஒண்ணு கவனி. ஆளி விதையை நாலு எடுத்துக் கடிச்சுப் பார்க்கணும். கடலை மாதிரி வாசனை வந்தா நல்ல சரக்கு. பெயிண்ட் வாசனை, நாக்குல காறல் அடிச்சா வேண்டாம். பெயிண்ட்ல கலக்குற லின்சீடு எண்ணெயே இதோட எண்ணெய்தான். காத்துப் பட்டாக் கெட்டியாகுற குணம் அதுக்கு உண்டு, அதனாலதான் அங்க பயன்படுது, அதனாலதான் பொடி பண்ணி வச்சாச் சீக்கிரம் கெடுது. பொடி பண்ணி ஏற்கெனவே பாக்கெட்ல அடைச்சது வாங்கவே வாங்காதே. வீட்டுப் பொடியும் இறுக்க மூடின பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல 15 நாள், அவ்வளவுதான். ஈரக் கரண்டி கூடாது.

பிரபு (9:13): ஆளி எண்ணெயே வாங்கித் தோசைக்கு விட்டா?

கவிதா (9:14): சூடு பண்ணக் கூடாது. விடறதா இருந்தா இறக்கின பிறகு மேல. பாட்டில் திறந்தா ஃப்ரிட்ஜ். பொடியே சிக்கனம், நார்ச்சத்தும் சேர்ந்து வரும்.

சுமதி அத்தை (11:20): காலை நோயாளிகள் முடிஞ்சு இப்பத்தான் உக்கார்றேன். விதை எல்லாம் சொல்லிட்டீங்க, மூலிகைக்கு நான் வர்றேன். தோல் வறட்சியை வாதம் மிஞ்சினதுன்னு எங்க நாட்டு வைத்தியக் கணக்குல சொல்லுவோம், எண்ணெய்ப்பசையை உள்ளயும் வெளியயும் கொடுக்கச் சொல்றதும் அதனாலதான். வெறும் தண்ணி குடிக்கப் பிடிக்காதவங்களுக்கு வெட்டிவேரும் நன்னாரியும் நல்ல துணை. அந்த வாசனைக்காகவே ரெண்டு டம்ளர் கூடக் குடிப்பாங்க.

சுமதி அத்தை (11:26): நன்னாரி வேர் 25 கிராம். மண் போக பிரஷ் போட்டுக் கழுவி, இடிகல்லுல லேசாத் தட்டினா மேல்பட்டை விரிஞ்சு உள்ள வெள்ளையா ஒரு குச்சி தெரியும். குச்சியை உருவிப் போட்டுரு, வாசனையும் குணமும் பட்டையிலதான். அரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சு, அடுப்பை அணைச்சிட்டு, பட்டையைப் போட்டு உடனே மூடு. ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில துணில வடிகட்டு. பலர் பண்ற தப்பு, வேரைப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடறது. வீடு முழுக்க மணக்கும், பாத்திரத்துல ஒண்ணும் மிஞ்சாது. 100 மில்லி சாறுல 100 மில்லி தண்ணி, எலுமிச்சை நாலு சொட்டு. மறுநாளுக்கு மேல வைக்காதே.

லதா சித்தி (11:30): மதினி, கடையில விக்கிற நன்னாரி சர்பத் போதாதா?

சுமதி அத்தை (11:32): அதுல முக்கால்வாசி சர்க்கரைப் பாகு. 30 மில்லி ஊத்தினா நாலஞ்சு டீஸ்பூன் சர்க்கரை உள்ள போகும். விருந்தாளிக்குக் கொடு, தினம் வேண்டாம்.

முருகேசன் மாமா (11:35): வேர் வாங்கும்போது விரல் தடிமன்ல சதைப்பத்தா இருந்தா அது மாகாளிக் கிழங்கு, ஊறுகாய் போடுறது. வாசனை ஒண்ணு போலவே இருக்கிறதால கலந்து விக்கிறாங்க. நன்னாரி பென்சிலை விட ஒல்லி, வளைஞ்சு நெளிஞ்சு, மேல கருஞ்சிவப்பா, பட்டை குறுக்கே வெடிச்சிருக்கும்.

சுமதி அத்தை (11:41): வெட்டிவேர் 5 லிட்டர் மண்பானைக்கு 10 கிராம், அலசி, வெள்ளைத் துணில முடிஞ்சு போடு. 3 நாளைக்கு ஒரு தடவை எடுத்து வெயில்ல நல்லாக் காயணும். காயாம திருப்பிப் போட்டா வழுவழுன்னு ஆகி, தண்ணி பாசி வாசனை அடிக்கும். அப்பத் தூக்கிப் போட்டுரு.

பிரபு (11:44): கற்றாழை ஜூஸ் அத்தை? ஜிம்ல நிறையப் பேர் குடிக்கிறாங்க.

சுமதி அத்தை (11:50): குடிக்கலாம், ஆனா வாரத்துல ரெண்டு நாள் போதும். மடலை வெட்டினதும் வெட்டின பக்கம் கீழ இருக்கிற மாதிரி 20 நிமிஷம் சாய்ச்சு வை. மஞ்சளாக் கசியுற பால்தான் பேதிக்குக் காரணம், அது முழுக்க வடியணும். தோலைத் தடிமனாச் சீவி, உள்சோறை ஏழு தண்ணில கழுவு. விரல்ல தொட்டு நக்கினாக் கசக்கக் கூடாது, கசந்தா இன்னும் கழுவு. ரெண்டு டேபிள்ஸ்பூன் சோறு, ஒரு டம்ளர் மோர், வறுத்த சீரகம் கால் டீஸ்பூன். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ப்ரியாவுக்கு இந்தப் பனியில வேண்டாம்னு நினைக்கிறேன், சளி பிடிக்கிற உடம்பு. வெந்தயம் பரவாயில்ல: ஒரு டீஸ்பூன் ராத்திரி ஊற வச்சு, காலையில தண்ணியோட மென்னு சாப்பிடட்டும்.

லதா சித்தி (11:53): அம்மாவும் இதெல்லாம் சாப்பிடலாமா? சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை போடுறாங்க.

கவிதா (12:05): இது ரொம்ப முக்கியம் சித்தி. வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும், மாத்திரையும் குறைக்கும், ரெண்டும் சேர்ந்து ரொம்ப இறங்கிரக் கூடாது. டாக்டர்கிட்டச் சொல்லிட்டு அரை டீஸ்பூன்ல ஆரம்பிக்கணும். தைராய்டு மாத்திரைக்கும் சப்ஜா, ஆளி, வெந்தயத்துக்கும் நடுவுல 4 மணி நேரம் இடைவெளி விடுங்க, இந்தக் கொழகொழப்பு மாத்திரையை உடம்புல சேர விடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க கேக்காம ஆளியைத் தொட வேண்டாம். பாட்டிக்கு விழுங்கச் சிரமம் இருந்தா சப்ஜா கொடுக்காதீங்க. சின்னப் பிள்ளைங்களுக்கும் வேண்டாம்.

கவிதா (12:09): இன்னொண்ணு. ப்ரியாவுக்கு வறட்சியோட முடி கொட்டுறது, குளிர் தாங்காதது, எடை ஏறுறது ஏதாவது இருந்தா விதையை நம்பிக் காத்திராம தைராய்டு டெஸ்ட் எடுத்துருங்க. வறட்சியோட அரிப்பும் வெடிப்புமா ஆனா தோல் டாக்டர்.

லதா சித்தி (12:20): முடி கொட்டுது. திங்கக்கிழமை டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

கவிதா (12:21): நல்லது சித்தி. ரிசல்ட்டை எனக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் ஆளி ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிச்சு வாரா வாரம் கூட்டுங்க. ஒரே நாள்ல ரெண்டு டேபிள்ஸ்பூன் போட்டா வயிறு ஊதிக்கும். கூடவே தண்ணி கம்மியாக் குடிச்சா, மலச்சிக்கலைத் தீர்க்கிற விதையே மலச்சிக்கலைக் கொண்டு வரும்.

செல்வி பெரியம்மா (12:30): எள்ளுருண்டை தினம் ஒண்ணு கொடு லதா, கறுப்பு எள்ளு, வெல்லம். பொன்னாங்கண்ணி கிடைச்சா வாரம் ரெண்டு நாள், தேங்காயும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் போட்டுப் பொரியல். எண்ணெய் இல்லாம அவிச்சாக் கீரையில இருக்கிற வைட்டமின் ஏ சத்து உடம்புல சரியா ஒட்டாது.

லதா சித்தி (12:38): அண்ணே, ஆளி அரைக் கிலோ, சப்ஜா கால் கிலோ, நன்னாரி 100 எடுத்து வைங்க. பிரபு சாயங்காலம் வருவான்.

முருகேசன் மாமா (12:41): ஆளி அரைக் கிலோ எதுக்கு? 200 போதும், தீர்ந்ததும் புதுசா வாங்கிக்கோ. சப்ஜா 100. நன்னாரி புதுச் சரக்கு செவ்வாய்க்கிழமை வருது, அன்னைக்கு வாங்கு. இப்ப இருக்கிறதுல வாசனை இறங்கிருச்சு.