உள்ளறை ஏசியில் தண்ணீர் ஏற்றும் பம்ப் விட்டு விட்டு ஓடுகிறது. கழுவினால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி (வேலூர், சைதாப்பேட்டை):
வணக்கம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிற பழைய வீடு எங்களுடையது. அப்பா படுத்திருக்கும் நடு அறைக்கு வெளிச்சுவரே கிடையாது. 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி மாட்டியபோது தண்ணீர் தானாக வடிய வழியில்லாததால், சின்ன பம்ப் ஒன்று வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார்கள். மூன்று வருடம் ஆகிறது.

சித்திரை, வைகாசியில் இரவு பகலாக ஓடியும் ஒரு சொட்டு விழவில்லை. ஆவணியில் நாலு மழை பெய்ததும் ஆரம்பித்தது. நடு இரவுக்கு மேல் இடது மூலையிலிருந்து சொட்டுகிறது, நேராக அப்பாவின் கால்மாட்டில். அவரால் தானாக நகர முடியாது. விடிந்து பார்த்தால் போர்வை நனைந்து கிடக்கிறது. பம்ப் சில சமயம் 'ர்ர்ர்' என்கிறது, சில சமயம் சத்தமே இல்லை. மாட்டிய ஆள் வந்தார், திறந்துகூடப் பார்க்காமல் "பம்ப் போச்சு" என்றார். இன்னொருவர் கேஸ் குறைவு என்கிறார். எதை நம்புவது?

பதில் (காட்பாடி, ஏசி மெக்கானிக்):
தம்பி, கேஸ் குறைந்தால் காயிலில் (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) ஐஸ் கட்டும், அறையும் சரியாகக் குளிராது. குளிர்ச்சி நன்றாக இருந்தால் அந்தப் பேச்சை விடுங்கள். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடித்தாலும் காற்று வறண்டது, தண்ணீர் அதிகம் வராது. மழைக்குப் பிறகு புழுங்குகிற ராத்திரியில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே வரும். பம்ப் கோடையிலேயே தளர்ந்திருக்கும், இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது.

மெயினை அணைத்துவிட்டு, ஃப்ளோட், அதாவது தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை, இருக்கும் சின்ன டப்பாவைத் திறங்கள். உள்ளே பாசி கொழகொழவென்று பிடித்திருக்கும். ஃப்ளோட் அதில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஏறியது பம்புக்குத் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து கழுவுங்கள். ப்ளீச்சிங் மட்டும் வேண்டாம், அலுமினியக் காயிலை அரித்துவிடும். ஃப்ளோட்டை எடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காந்தம் இருக்கிறது, தலைகீழாகப் போட்டால் பம்ப் வேலை செய்யாது. பிறகு கரண்ட் கொடுத்து, காயிலுக்குக் கீழே தண்ணீர் விழும் ட்ரேயில் ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

கேட்டவர்:
அண்ணா, லாங் பஜாருக்கு மளிகை வாங்கப் போனபோது வினிகரும் வாங்கி வந்து கழுவினேன். உள்ளே கறுப்பாக, ஊறிய சப்ஜா விதை மாதிரி வழுவழுவென்று இருந்தது. இப்போது தவறாமல் ஓடுகிறது. ஆனால் ஒரு டம்ளர் இறங்க நாலு நிமிடம் ஆகிறது.

பதில் (காட்பாடி):
சரி, இன்னொரு சோதனை. மாடிக்குப் போகும் டியூபைக் கழற்றிவிட்டு, ஒரு முழத் துண்டை மாட்டி வாளியில் விடுங்கள். வேகமாகக் கொட்டினால் பம்ப் நல்லது, மேலே போகும் டியூபில் அடைப்போ மடிப்போ இருக்கும். வாளியிலும் சொட்டுச் சொட்டாக வந்தால் பம்ப் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

பதில் (வேலப்பாடி, இப்போது இங்கிலாந்தில் நர்ஸ்):
இங்கே குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர்களில் இதே போன்ற பம்ப் உண்டு. எரிந்த புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகும். வெளியே போக வாட்டம் இல்லாத வீடுகளில் பம்ப்தான் அதைத் தள்ளும். அந்தத் தண்ணீர் அமிலம், ஏசி தண்ணீர் அப்படியல்ல. எங்கள் வீட்டில் பம்ப் கெட்ட அன்று பாய்லரே தானாக நின்றுவிட்டது. தண்ணீர் மட்டம் மீறினால் பாய்லரை நிறுத்த பம்பிலிருந்து தனி ஒயர் போகிறதாம். தம்பி, உங்கள் பம்பில் அது எங்கே போகிறது என்று பாருங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு ஈரம் பட்டால் தோல் சீக்கிரம் புண்ணாகும். வேலை முடியும் வரை கட்டிலைத் தள்ளிப் போடுங்கள்.

கேட்டவர்:
அக்கா, கட்டிலை அன்றைக்கே தள்ளிவிட்டோம். பம்பின் பின்னால் பார்த்தேன். கூடுதலாக இருந்த ஒயர்களை மடித்து இன்சுலேஷன் டேப் சுற்றி அப்படியே விட்டிருக்கிறார்கள். மூன்று வருடமாக! வாளிச் சோதனையிலும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

பதில் (காட்பாடி):
அந்தம்மா சொன்னது ரொம்ப முக்கியம், நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். புது பம்ப் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரத்தை நம்பாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீரே வராது. உங்கள் மாடி உயரத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பம்புக்குத் தனி சுவிட்ச் கொடுங்கள். ஏசியை அணைத்த பிறகும் காயிலிலிருந்து தண்ணீர் வடியும், அப்போதும் பம்ப் ஓட வேண்டும். அந்தம்மா சொன்ன பாதுகாப்பு ஒயர் ஏசியின் முழு கரண்டைத் தாங்காது, அதை அவுட்டோருக்கு (வெளியே வைக்கும் பெட்டிக்கு) போகும் சிக்னல் ஒயரில் சேர்ப்பார்கள். இதை நீங்கள் செய்யாதீர்கள், தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

கேட்டவர்:
நேற்று மாற்றியாயிற்று. ஒரு டம்ளர் அரை நிமிடத்துக்குள் போகிறது. எலக்ட்ரீஷியனை நிற்கவைத்து, ஏசி ஓடும்போதே பம்பின் சுவிட்சை மட்டும் அணைத்து, ட்ரேயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கீழே ஒரு சொட்டு விழும் முன்பே மாடியில் அவுட்டோர் நின்றுவிட்டது. அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. டப்பாவை எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டும்?

பதில் (காட்பாடி):
மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஆடி முடிவில் ஒரு தடவை கட்டாயம்.