வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் முதல் கலங்களை அனுப்பியவர்கள் யார்?

கேள்வி: நூலக வாசகன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். 1960களில் பக்கத்துக் கோள்களுக்குச் சென்ற ஆளில்லாக் கலங்கள் என்பதுதான் தலைப்பு. குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு குறை உறைத்தது. ஏவிய நாள், எடை, கடந்து சென்ற தொலைவு எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் கிடைக்கின்றன. அவற்றைச் செய்து முடித்த மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட என் குறிப்பேட்டில் இல்லை. நிலவில் கால் வைத்தவரின் பெயரைத் தொடக்கப் பள்ளிக் குழந்தையும் சொல்லும். வெள்ளிக்கு முதலில் கலத்தை அனுப்பிய குழுவில் ஒருவரின் பெயரைச் சொல் என்றால் நானே விழிக்கிறேன். மாணவர்களின் மனத்தில் நிற்கும்படி யாரைப் பற்றிச் சொல்லலாம் என்று விவரம் அறிந்தவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பொறியாளர்

நல்ல கேள்வி. நான் வில்லியம் பிக்கரிங்கிடமிருந்து தொடங்குவேன். நியூசிலாந்தில் 1910ஆம் ஆண்டு பிறந்தவர். ஹேவ்லாக் என்னும் சிற்றூரில், அணுவின் கருவைக் கண்டறிந்த ரூதர்ஃபோர்டு படித்த அதே பள்ளியில் படித்தவர். கலிபோர்னியாவுக்குச் சென்று இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, அண்டக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்க இயற்பியலாளர் மில்லிக்கனுடன் இந்தியாவுக்கும் வந்து பெங்களூரு உள்ளிட்ட இடங்களில் பலூன்களைப் பறக்கவிட்டிருக்கிறார். 1954 முதல் 1976 வரை, அமெரிக்காவின் கோள் கலங்களை உருவாக்கிய ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் அவர்தான்.

ஆனால் அந்த ஆய்வகம் வெள்ளிக்கு அனுப்பிய மாரினர் 2 என்ற கலத்தை நாள்தோறும் தோளில் சுமந்தவர் அதன் திட்ட மேலாளர் ஜாக் ஜேம்ஸ். வெள்ளிக்கு அனுப்பத் திட்டமிட்டிருந்த பெரிய கலத்தைத் தூக்க வேண்டிய ராக்கெட் உரிய நேரத்தில் தயாராகாது என்பது 1961ஆம் ஆண்டின் நடுவில் தெளிவாகிவிட்டது. வெள்ளிக்குப் புறப்படும் வாய்ப்போ ஏறத்தாழ பத்தொன்பது மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே நிலவுக்காகச் செய்துகொண்டிருந்த ரேஞ்சர் கலத்தின் உடலை எடுத்து, எடையைக் கிராம் கணக்கில் குறைத்து, ஓராண்டுக்குள் ஒரே மாதிரியான இரு கலங்களை உருவாக்கினார்கள். முதலாவது கலமான மாரினர் 1, 1962 ஜூலை 22 அன்று ஏவப்பட்டு ஐந்து நிமிடம்கூடத் தாண்டவில்லை. வழிகாட்டும் சமன்பாட்டில் ஓர் எழுத்தின் மேல் இருக்க வேண்டிய சிறு கோடு விடுபட்டிருந்ததால் ராக்கெட் திசை மாறியது. பாதுகாப்பு அதிகாரி அதை வானிலேயே வெடிக்கச் செய்ய நேர்ந்தது.

ஐந்து வாரத்தில், ஆகஸ்ட் 27 அன்று, இரண்டாவது கலம் கிளம்பியது. 203 கிலோ எடையுள்ள அந்தக் கலம் வழியெல்லாம் நோயாளியைப் போலவே பயணம் செய்தது: சூரியத் தகடுகளில் ஒன்று பழுதானது; வெள்ளியை நெருங்க நெருங்க உட்பாகங்கள் அளவுக்கு மீறிச் சூடேறின; கோளை அளக்கத் தொடங்க வேண்டிய வேளையில் உள்ளே இருந்த கடிகார அமைப்பு அதற்கான ஆணையைப் பிறப்பிக்கவில்லை. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் வானொலி நிலையத்திலிருந்து ஆணையை அனுப்பித்தான் கருவிகளைத் தட்டி எழுப்பினார்கள். டிசம்பர் 14 அன்று ஏறத்தாழ 34,800 கிலோமீட்டர் தொலைவில் வெள்ளியைக் கடந்தபோது 42 நிமிடம் கிடைத்த அளவீடுகள், அக்கோளின் தரை ஈயத்தை உருக்கும் அளவுக்குக் கொதிக்கிறது என்பதை உறுதி செய்தன. அதுவரை வெள்ளியில் சதுப்பு நிலமும் கடலும் இருக்கலாம் என்று எழுதியவர்கள் இருந்தார்கள்.

மறுமொழி: இயற்பியல் ஆசிரியை

மேலே ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் மாரினர் 2 வெள்ளியைச் சேர்வதற்கு முன்பே ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டது என்பதையும், அதற்குப் பின்னால் இருந்தவர் முப்பது வயதுப் பெண் என்பதையும் மாணவிகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அவர் மார்சியா நொய்கெபவர். 1956ஆம் ஆண்டு ஆய்வகத்தில் சேர்ந்தவர்; கான்வே ஸ்னைடருடன் இணைந்து, சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களை அளக்கும் கருவியை மாரினர் 2இல் வைத்தார். சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் எல்லாத் திசைகளிலும் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று இயற்பியலாளர் யூஜீன் பார்க்கர் 1958இல் எழுதியபோது பலர் அதை ஏற்கவில்லை. அவருடைய கட்டுரையைப் பரிசீலித்த அறிஞர்கள் இருவர் வெளியிடத் தகாதது என்று மறுத்தார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆயினும் கணக்கில் பிழை எதுவும் காண முடியாததால், பரிசீலகர்களின் மறுப்பை ஒதுக்கிவிட்டுக் கட்டுரையை வெளியிட்டார். தனக்குப் பிடிக்காத முடிவையும் கணக்கு சரி என்பதற்காகவே அச்சேற்றிய அந்த நேர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். நான்கு ஆண்டுகள் கழித்து நொய்கெபவரின் கருவி, நொடிக்கு ஏறத்தாழ 400 முதல் 700 கிலோமீட்டர் வேகத்தில் சூரியக் காற்று எனப்படும் அந்தத் துகள் ஓட்டம் இடைவிடாமல் வீசுவதை அளந்து காட்டியது. அவருடைய கணவர் கெர்ரி நொய்கெபவரும் அதே கலத்தின் அகச்சிவப்புக் கருவிக் குழுவில் இருந்தார்.

இன்னொரு கூட்டத்தாரையும் விட்டுவிடாதீர்கள். அந்த ஆய்வகத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் முதலில் எந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்குப் போடும் பெண்களையே குறித்தது. மேசி ராபர்ட்ஸ் என்ற மேற்பார்வையாளர் அந்தப் பிரிவுக்குப் பெண்களை மட்டுமே சேர்த்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற, சீனாவில் பிறந்த ஹெலன் லிங், பட்டம் இல்லாத பெண்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டு, மாலை வகுப்புகளில் சேர்ந்து படிக்கும்படி அவர்களைத் தூண்டினார். எந்திரக் கணினி வந்தபோது அதற்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர்களும் இவர்களே. அவர்களில் 1958 ஜனவரியில் சேர்ந்த சூ ஃபின்லி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பணியாற்றினார்.

மறுமொழி: அகத்தியன்

செவ்வாயைப் பற்றி நான் எழுதுகிறேன். அதிலும் மாரினர் 4 பற்றி மட்டும்.

1964 நவம்பர் 5 அன்று ஏவப்பட்ட மாரினர் 3, தன்னை மூடியிருந்த மேலுறை கழன்று விழாததால் சூரியத் தகடுகளை விரிக்க முடியாமல், மின்கலம் தீர்ந்து சில மணி நேரத்தில் மடிந்தது. செவ்வாய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ ஒரு மாதம்தான் திறந்திருக்கும். தவறவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கண்ணாடியிழை மேலுறையின் உட்பூச்சு பிரிந்துவிட்டது என்று கண்டறிந்து, உலோகத்தால் புதிய மேலுறையை வடிவமைத்து, செய்து, சோதித்து, நவம்பர் 28 அன்று மாரினர் 4ஐ ஏவிவிட்டார்கள். மூன்று வாரம் என்பது ஒரு வீட்டுக்கு மரக்கதவு செய்து மாட்டவே போதாத காலம். அந்த மேலுறையைச் செய்தவர்களின் பெயர்கள் எந்த நூலின் அட்டையிலும் வருவதில்லை.

வழியில் கலம் தன் நிலையைச் சரிபார்க்கச் சூரியனோடு இன்னொரு விண்மீனையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது கேனோபஸ், அதாவது நாம் அகத்தியர் என்று அழைக்கும் தென்வானத்து விண்மீன். கலத்தின் உணரி முதலில் வேறு விண்மீன்களைப் பற்றிக்கொண்டு ஏமாந்தது. பிறகு கலத்திலிருந்து உதிர்ந்த தூசித் துகள்கள் வெயிலில் மின்னியபோதெல்லாம் தடுமாறியது. ஒவ்வொரு முறையும் அதைப் பொறுமையாக மீண்டும் அகத்தியரிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

1965 ஜூலை மாதம் 14, 15ஆம் நாள்களில் செவ்வாயிலிருந்து 9,846 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது, கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் லெய்ட்டனின் குழு வடிவமைத்த ஒளிப்படக் கருவி 21 முழுப் படங்களையும் 22ஆம் படத்தின் ஒரு பகுதியையும் எடுத்து நாடாவில் பதிந்தது. ஒரு படம் என்பது 200 வரிகள், வரிக்கு 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 63 வரை உள்ள ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஆறு பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கம்) வேண்டும்; நொடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்று மேல் என்ற வேகத்தில் அந்த எண்கள் வந்ததால் ஒரு படம் வந்துசேர ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆனது.

நாடாப் பதிவுக் கருவிக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர் ரிச்சர்ட் கிரம்முக்கு, கருவி ஒழுங்காகப் பதிந்ததா என்ற கவலை. முறையாகச் செய்யப்படும் படத்துக்காகக் காத்திருக்க அவரால் முடியவில்லை. எண்கள் அச்சாகி வந்த காகிதப் பட்டைகளைக் குழுவினர் வெட்டி, ஒரு பலகையில் வரிசையாக ஊசி அடித்துப் பொருத்தினார்கள். பிறகு ஓவியப் பொருள் கடையில் வாங்கி வந்த வண்ணக்கட்டிகளால், இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என்று வகுத்துக்கொண்டு, குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தைப் போல ஒவ்வோர் எண்ணின் மேலும் தீட்டினார்கள். பழுப்பும் செம்பழுப்பும் மஞ்சளுமாகச் செவ்வாயின் விளிம்பு மெல்ல மெல்லப் பலகையில் எழுந்தது. அங்கே கூடிய செய்தியாளர்கள் அதைக் கண்டுகொள்ளவே, அருகிலிருந்து எடுத்த செவ்வாயின் முதல் படமாகத் தொலைக்காட்சியில் வந்தது கையால் தீட்டிய அந்தப் படம்தான். பின்னர் அதைச் சட்டமிட்டுப் பிக்கரிங்குக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அந்தப் படங்களில் தெரிந்தவை நிலவைப் போன்ற பள்ளங்கள். கால்வாய்களும் செடிகொடிகளும் இல்லை. இன்னொரு முடிவும் அப்போதுதான் கிடைத்தது. கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தபோது அதன் வானொலி அலை காற்று மண்டலத்தினூடே வளைந்து வந்ததை லித்துவேனியாவில் பிறந்த அர்விதாஸ் கிலியோரும் அவருடைய குழுவினரும் அளந்து, செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று காட்டினார்கள். பாராசூட்டை மட்டும் நம்பி அங்கே இறங்க முடியாது என்ற உண்மை அன்றே உறுதியாயிற்று.

மறுமொழி: பழைய சோவியத் இதழ்களின் வாசகர்

இதுவரை எழுதிய மூவரும் அமெரிக்காவை விட்டு நகரவில்லை. வேறொரு கோளின் தரையைத் தொட்டவர்களும் அங்கிருந்து பேசியவர்களும் முதலில் சோவியத் பொறியாளர்களே என்பதை மாணவர்கள் அறியாமல் போய்விடக் கூடாது.

சோவியத் விண்வெளித் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரல்யோவ் உயிரோடு இருந்தவரை அவர் பெயரையே வெளியில் சொல்லவில்லை. 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகுதான் உலகம் அறிந்தது. அவர் 1965இல் கோள்களுக்கான கலங்களை லாவச்கின் நிறுவனத்தின் கியோர்கி பபாகினிடம் ஒப்படைத்திருந்தார். பபாகின் வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பட்டம் பெற்ற வானொலிப் பொறியாளர். அவர் குழுவின் வெனரா 4, 1967 அக்டோபரில் வெள்ளியின் காற்றுக்குள் இறங்கியபடியே ஒன்றரை மணி நேரம் தகவல் அனுப்பி, அந்தக் காற்று பெரும்பாலும் கரியமில வாயு என்று காட்டியது. தரையை எட்டும் முன்பே அழுத்தத்தில் நொறுங்கியது. அதிலிருந்து பாடம் கற்று, வெனரா 7இன் இறங்கு கலத்தை புவியின் காற்றழுத்தத்தைப் போல் 180 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் டைட்டானியக் கோளமாகச் செய்தார்கள்.

1970 டிசம்பர் 15 அன்று அதன் பாராசூட் பழுதாகிக் கலம் வேகமாக விழுந்தது. குறிப்பலை அடங்கிவிட்டது என்றே எண்ணினார்கள். பிறகு பதிவு நாடாக்களை மீண்டும் துருவிப் பார்த்தபோது, இயல்பான வலுவில் நூற்றில் ஒரு பங்கே இருந்த மெல்லிய அலை 23 நிமிடம் இரைச்சலுக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கலம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தபடி 475 டிகிரி செல்சியஸ் என்று வெப்பநிலையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. முடிந்துபோனது என்று ஒதுக்காமல் மறுபடியும் நாடாவைக் கேட்டவர்களுக்கு உங்கள் நாற்பது நிமிடத்தில் இரண்டு நிமிடமாவது ஒதுக்குங்கள். பபாகின் மறு ஆண்டு ஆகஸ்ட் மாதம் 56ஆம் வயதில் காலமானார்.

கேட்டவர்: நூலக வாசகன்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வெனரா 7இன் நாடாவையும், சந்திரசேகர் அச்சேற்றிய கட்டுரையையும், வண்ணம் தீட்டிய பலகையையும் விடாமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அகத்தியன் அவர்களே, எண்களை அச்சிட்டு மாணவர்கள் கையில் வண்ணப் பென்சிலோடு கொடுத்தால் நடைமுறைக்கு ஒத்துவருமா?

மறுமொழி: அகத்தியன்

முழுப் படத்துக்கு 40,000 எண்கள் ஆகும். நாற்பது மாணவர்கள் என்றாலும் ஆளுக்கு ஆயிரம் எண்கள். ஆகவே இருபதுக்கு இருபது கட்டமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே ஒரு வரியை மட்டும் முழு அளவில் செய்யுங்கள். 200 எண்களை நீங்கள் உரக்க வாசிக்க, ஒரு மாணவி கரும்பலகையில் எழுதட்டும். ஓர் எண்ணுக்கு முக்கால் நொடி என்று வைத்துக்கொண்டால் இரண்டரை நிமிடத்துக்குள் முடியும். 1965ஆம் ஆண்டு ஜூலையில் செவ்வாயிலிருந்து அந்த எண்கள் வந்துகொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான்.