கொள்ளிட மணல் மாதிரி ட்ரையாக்சியலில் திடீரெனச் சரிகிறது, உதவுங்கள்

முதுகலை_தஞ்சை:
ஐயா, திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடத்தில் எடுத்த மணலுக்கு டைரக்ட் ஷியர் சோதனையில் (பெட்டியின் ஒரு பாதியை நகர்த்தி மணலை நறுக்கிப் பார்ப்பது) மணிகளின் உராய்வு வலுவைக் காட்டும் உராய்வுக் கோணம் 33 பாகை கிடைத்தது. அதே மணல் ட்ரையாக்சியலில் (உருளை மாதிரியைச் சுற்றிலும் அழுத்தம் தந்து மேலிருந்து நசுக்குவது) 1 விழுக்காட்டுத் திரிபுக்குள், அதாவது உயரம் அவ்வளவு குறுகுவதற்குள், உச்சத்தைத் தொட்டு, உடனே வலுவின் பெரும்பகுதியை இழக்கிறது. மூன்று மாதிரிகளும் அப்படியே. எதை நம்புவது? வெள்ளிக்கிழமை அறிக்கை தர வேண்டும்.

வெட்டாறு:
வடிகுழாய் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? மாதிரியை எவ்வாறு நிரப்பினீர்கள்? வெற்றிட விகிதம் (மணிகளின் கன அளவுக்கு இடைவெளிகளின் கன அளவு) என்ன?

கரைமேடு:
காக்காப்பொன்தான் காரணம் என்பேன். அதன் தகடுகள் மணிகளுக்கிடையே பாலமாக நின்று மணலை நெருங்கவிடாமல் செய்யும். கழுவி வெயிலில் பாருங்கள், மின்னும்.

பழைய_ஆய்வகம்:
தம்பி, கருவியைத் தொடுமுன் பாடத்தைப் படித்திருக்க வேண்டும். நெருக்கமான மணல் நறுக்கப்படும்போது விரியும், தளர்ந்த மணல் சுருங்கும் என்பதை மண் இயக்கவியல் அறிஞர் காசகிராண்டே 1936இலேயே விளக்கிவிட்டார். நீர் வெளியேற வழியில்லாதபோது, சுருங்க முயலும் மணல் தன் சுமையை மணிகளிடையே உள்ள துளைநீரின்மேல் ஏற்றிவிடுகிறது. உராய்வுக் கோணம் எங்கும் போகவில்லை. மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் பயனுறு தகைவுதான் குறைந்துபோயிற்று. டைரக்ட் ஷியர் பெட்டியில் நீர் வடிந்துவிடுவதால் இது தெரிவதில்லை.

முதுகலை_தஞ்சை:
மூடியிருந்தது. ஈர மணலை அடுக்கடுக்காகத் தட்டி நிரப்பினேன். நீர் நிறைவைக் காட்டும் பி மதிப்பு (முழு நிறைவென்றால் 1) 0.96.

வெட்டாறு:
அப்படியானால் நீர் நன்றாகவே நிறைந்திருக்கிறது, சரிவும் உண்மையானதே. ஈர மணலில் மணிகளுக்கிடையேயுள்ள நீர்ப்படலத்தின் இழுவை தேன்கூடு போன்ற தளர்ந்த அமைப்பைத் தாங்கி நிற்கும். ஆறு மணலை அப்படிப் படியவைப்பதில்லை. அதே வெற்றிட விகிதத்தில் நீருக்குள் தூவிப் படியவைத்த மாதிரி விரிய முயன்று வலுப்பெறக்கூடும். வெற்றிட விகிதத்தை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அதைச் சோதனை முடிந்தபின் மாதிரியிலுள்ள மொத்த நீரைக் கொண்டு கணக்கிடுங்கள், ஏனெனில் நீரேற்றும்போதே மாதிரி சுருங்கியிருக்கும்.

கரைமேடு:
நீருக்குள் தூவினால் பருமணல் முந்தியும் வண்டல் பிந்தியும் படியும். அதைச் சீரான மாதிரி என்று எப்படி ஏற்பது?

பழைய_ஆய்வகம்:
ஆற்றுப்படுகையில் பள்ளம் வெட்டிப் பார்த்தவர் இதைக் கேட்கமாட்டார். அங்கே படிவதும் அடுக்காகத்தான்.

கரைமேடு:
படுகையின் அடுக்கு வேறு, 76 மில்லிமீட்டர் உயர மாதிரிக்குள் விழும் அடுக்கு வேறு. வண்டல் அடுக்கு ஒன்றிருந்தால் அதன் வலுவைத்தான் மணலின் வலுவென்று எழுதுவோம்.

வெட்டாறு:
இது நியாயமான கவலை. 75 மைக்ரான் சல்லடையில் இறங்குவது எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மிகக் குறைவென்றால் தூவுவதில் தடையில்லை.

முதுகலை_தஞ்சை:
சல்லடையில் இறங்கியது மிகக் குறைவு. நீருக்குள் தூவிய முதல் மாதிரி சரியவில்லை. துளைநீர் அழுத்தம் ஏறிப் பிறகு இறங்கியது, அதாவது மணல் விரிய முயன்றிருக்கிறது. மற்ற இரண்டும் நாளை. நன்றி ஐயா.