ஒட்டிய பத்திகளில் வரி உடையாத இடைவெளி: நீக்க நீக்கத் திரும்ப வருகிறது

சொற்செயலியில் தட்டச்சு செய்த 40 தமிழ்க் கட்டுரைகளைப் போன வாரம் இணையப் பக்கங்களில் ஒட்டினேன். கணினியில் ஓரளவு சரியாகத் தெரிகிறது. கைபேசியில் திறந்தால் சில வரிகள் பாதியிலேயே முடிந்து வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது, சில வரிகள் திரையைத் தாண்டி ஓடுகின்றன. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இப்படித்தான், அதனால் உலாவியின் கோளாறு இல்லை.

முதலில் எழுத்துருவை மாற்றினேன், வரி உயரத்தையும் பத்தி இடைவெளியையும் குறைத்தேன். பலன் இல்லை. 'வடிவமைப்பை நீக்கு' பொத்தானை அழுத்தியதும் தடித்த எழுத்தும் நிறமும் போயின, இடைவெளி அப்படியே நின்றது. வெறும் உரையாக ஒட்டினாலும் அதே நிலை.

அப்புறம் எச்டிஎம்எல் மூலத்தை (பக்கத்தின் பின்னால் உள்ள குறிமுறையை) திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சொற்களுக்கு நடுவே சாதாரண இடைவெளிக்குப் பதில் வரி உடையாத இடைவெளி (யூனிகோடு U+00A0), அதாவது அந்த இடத்தில் வரியை மடங்க விடாத இடைவெளி, உட்கார்ந்திருக்கிறது. அது வடிவமைப்பு அல்ல, ஓர் எழுத்துக்குறி. அதனால்தான் அந்தப் பொத்தான் அதைத் தொடவில்லை. சில இடங்களில்   என்ற குறியீடாகத் தெரிகிறது. மற்ற இடங்களில் பார்வைக்குச் சாதாரண இடைவெளி போலவே இருப்பதால் கண்ணால் தேடிப் பிடிக்க முடியவில்லை.

ஒரு பக்கத்தில் தேடி மாற்றிச் சேமித்தேன். பக்கம் தெரிகிறபடியே திருத்தும் காட்சித் திருத்த முறைக்கு மாறியதும் சில இடங்களில், முக்கியமாக இரண்டு இடைவெளி சேர்ந்து வந்த இடங்களில், மறுபடி முளைத்துவிட்டது. வாசகர்களில் பலர் கைபேசியில்தான் படிக்கிறார்கள், இப்படியே விட மனமில்லை.

மறுபடி வராதபடி 40 பக்கங்களிலும் இதை ஒரே தடவையில் மாற்ற என்ன வழி?