வங்கதேசத்துல ஒரே புயலுக்கு லட்சக்கணக்குல செத்தாங்களே, இப்ப எப்படி எண்ணிக்கை இவ்ளோ குறைஞ்சுது?

நெய்தல்வாசி:
ரெண்டு நாளா வங்கதேச புயல் வரலாறுதான் படிச்சிட்டிருக்கேன், தலை சுத்துது. 1876ல பாக்கர்கஞ்ச் பக்கம் ஒரு புயல், ரெண்டு லட்சம் பேர் வரைக்கும் போயிருக்காங்க. 1970 போலா புயல்ல மூணு லட்சம்ங்கிறாங்க, அஞ்சு லட்சம்ங்கிறாங்க, எண்ணவே ஆளில்லாம போயிருக்கு. 1991 ஏப்ரல்ல 1,38,000. அப்புறம் 2007 சிடர் பாத்தா சுமார் 3,400, 2020 ஆம்பன்ல அந்த நாட்டுல மட்டும்னா முப்பது பேருக்குள்ள. கடல் அதே கடல்தான், ஜனத்தொகையோ 1970ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு, அப்புறம் எப்படிங்க இது? புயலோட வலு குறைஞ்சிடுச்சா, இல்ல எல்லாம் சாட்டிலைட் புண்ணியமா?

பழையபேப்பர்:
சாட்டிலைட்னு மட்டும் சொல்லிட முடியாது நண்பா. 1970லயே சாட்டிலைட் படம் வந்துட்டிருந்துச்சு, புயல் வருதுன்னு டாக்கா ரேடியோவும் சொல்லிச்சு. ஆனா தீவுல இருக்கிறவனுக்கு அது என்ன உதவி, ஓடி ஒளிய ஒரு மேடு கிடையாது, கான்கிரீட் கட்டடம்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது. அதுவும் போக சில வாரம் முன்னாடிதான் ஒரு புயலுக்கு இதே மாதிரி பயமுறுத்தி அது பெருசா ஒண்ணும் பண்ணாம போச்சு, அதனால இந்த தடவையும் அப்படித்தான்னு படுத்துட்டாங்க. நவம்பர் 12 ராத்திரி, பௌர்ணமி நேரம், கடல் ஏத்தத்துல இருக்கும்போதே புயலும் சேர்ந்து தள்ளிடுச்சு. தஜுமுதீன்னு ஒரு வட்டாரம், 1,67,000 பேர் இருந்த இடம், அதுல பாதிக்கு கொஞ்சம் குறைவா அந்த ஒரே ராத்திரியில போயிட்டாங்க.

அப்ப அது கிழக்கு பாகிஸ்தான். நிவாரணம் ஆடி அசைஞ்சு வந்துச்சு, ஜனங்க கொதிச்சுப் போயிருந்தாங்க, அடுத்த மாசமே எலெக்‌ஷன், கிழக்குல இருந்த 162 சீட்ல 160 கிழக்குக்காரங்க கட்சியான அவாமி லீக்குக்கு. மறு வருஷம் தனி நாடே ஆயிடுச்சு. புயலால மட்டும்னு சொல்ல மாட்டேன், மொழிப் பிரச்சனைலாம் அதுக்கு முன்னாடியே புகைஞ்சிட்டிருந்துச்சு, ஆனா புயல் எண்ணெய் ஊத்திச்சு.

கரையோரம்:
ஏன் அங்க மட்டும் இவ்ளோ சாவுன்னு யாரும் சொல்லலையே. காத்தை விட கடல் உள்ள ஏறுறதுதான் எமன். வங்கக்கடல் வடக்க போகப் போக புனல் மாதிரி குறுகுது, ஆழமும் ரொம்ப கம்மி, தள்ளி வர்ற தண்ணிக்கு வேற போக்கிடம் இல்ல, மேல தான் எழும்பணும். 1991ல சிட்டகாங் பக்கம் ஆறு மீட்டர் உயரத்துக்கு வந்துச்சு, அதாவது ரெண்டு மாடி. அந்தப் பக்கம் மேக்னா ஆத்து வண்டல்ல உருவான தீவுங்கள 'சர்'னு சொல்லுவாங்க, கடல் மட்டத்துல இருந்து கொஞ்சம்தான் உயரம், நிலமே இல்லாத ஏழைங்கதான் அங்க போய் குடிசை போடுவாங்க. வேற எங்க போவாங்க?

உப்புக்காத்து:
நான் சிங்கப்பூர்ல வேலை பாத்தப்ப என் ரூம்ல வங்கதேசத்து ஹாதியா தீவுக்காரர் ஒருத்தர் இருந்தார். அவங்க ஊர்ல செம்பிறைச் சங்கத் (நம்ம செஞ்சிலுவை மாதிரி) தொண்டர் ஒருத்தர் மெகாபோனைத் தூக்கிட்டு சைக்கிள்ல வருவாராம், ஆபத்து ஏற ஏற கம்பத்துல கொடி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறுமாம். வர்றது அதே ஊர்க்காரர், பக்கத்து வீட்டு ஆளு, அதனால பாட்டி கூட பேச்சைக் கேட்டு கிளம்பிடுவாங்கன்னு சொன்னார். அந்த தொண்டர் திட்டம் 1972ல ஆரம்பிச்சது, இப்ப 76,000க்கு மேல தொண்டர்கள், பாதி பேர் பெண்கள். என்னைக் கேட்டா உங்க கேள்விக்கு பதில் இந்த சைக்கிள்தான்.

பழையபேப்பர்:
சைக்கிள் 1991லயும் இருந்துச்சே உப்புக்காத்து, அப்புறம் ஏன் 1,38,000? சொல்ல ஆள் இருந்தாங்க, போக இடம் பத்தல. அந்த தடவை ஆம்பளைங்கள விட பொம்பளைங்கதான் நெறைய செத்தாங்க, புருஷன் வரட்டும்னு வீட்ல காத்திருந்தது, கைக்குழந்தை, புடவை சுத்திக்கிட்டு நீந்த முடியாதது, ஷெல்டர்ல கண்டவனோட எப்படி ராத்திரி தங்குறதுன்னு கூச்சம். அதுக்கப்புறம்தான் தூண் மேல நிக்கிற கட்டடங்களா கட்டித் தள்ளினாங்க, மத்த நாள்ல அதுவே பள்ளிக்கூடம். பொண்ணுங்களுக்கு தனி ரூம், மாட்டுக்கு மேடு, இதெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். சிடர் வந்து ஆறு மாசத்துல, 2008 மே மாசம், அதே கடல்ல பக்கத்து மியான்மர்ல நர்கிஸ் அடிச்சுது. அங்க செத்தவங்க சுமார் 1,38,000, அப்படியே 1991 கணக்கு. புயல் வலு குறையல நண்பா.

கரையோரம்:
சாவை மட்டும் எண்ணிட்டு சபாஷ் போடாதீங்கப்பா. 2009 ஐலா புயல்ல அங்க செத்தவங்க 200க்குள்ள தான், ஆனா குல்னா, சாத்கிரா பக்கம் கரை உடைஞ்சு உப்புத் தண்ணி வயலுக்குள்ள புகுந்து, நெல்லு போச்சு, குடிக்கத் தண்ணி இல்ல, வருஷக் கணக்குல உடைஞ்ச கரை மேலயே குடிசை போட்டு இருந்தாங்க. அது எந்த பட்டியல்லயும் வராது.

நெய்தல்வாசி:
எல்லாருக்கும் நன்றி, கரையோரம் சொன்னது உறைக்குது. இன்னொரு சந்தேகம், அங்க 10ம் நம்பர் சிக்னல்னா 8ஐ விட பெரிய புயலா?

பழையபேப்பர்:
இல்ல, அதான் கூத்தே. அது வெள்ளைக்காரன் காலத்துல கப்பலுக்காக வச்ச நம்பர். 8, 9, 10 மூணும் ஒரே அளவு பேராபத்துதான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமா கடக்குது, இல்ல நேரா தலை மேலயேவாங்கிறதுதான் வித்தியாசம். நம்ம ஊர் துறைமுகத்துல ஏத்துற கூண்டும் இதே கணக்குதான். கப்பல் கேப்டனுக்குப் புரியும், சர்ல மாடு மேய்க்கிறவனுக்கு எப்படிப் புரியும்? அவன் 8 தானேன்னு வீட்லயே இருந்துடுவான். அதான் கொடியை மூணோட நிறுத்திட்டாங்க.